மல்டிக்கு அண்டை வீட்டார்: ஜூலியா, சிப்ரிக்ரோமிஸா?

டாங்கனிக்கா ஏரியின் அடித்தரையில் சில இடங்களில் மணலே கண்ணில் படாது. எங்கும் நத்தை ஓடுகள்தான். நியோதாமா என்ற நத்தை செத்து விட்டுப்போன ஓடுகள் அவை. ஏரி நீரின் பி.எச். 9-ஐ ஒட்டி இருப்பதால் கரையாமல் காலங்காலமாகக் குவிந்து கிடக்கின்றன. அந்தக் குவியலில் குடித்தனம் நடத்தும் சிக்லிட் மீன்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபேசியாட்டஸ். வளர்ப்பவர்களுக்கு அது வெறும் ‘மல்டி’. ஆண் 4, 5 சென்டிமீட்டர் இருக்கும். பெண் அதைவிடச் சிறியது.

குஞ்சு எடுக்க மட்டும் என்றால் இரண்டடித் தொட்டி, ஐந்து சென்டிமீட்டர் மணல், ஒரு கை ஓடு போதும். ஆனால் மல்டிகள் தரையை விட்டு மேலே வருவது அபூர்வம். தொட்டியின் முக்கால் பங்கு வெறுந்தண்ணீராக நிற்பதைப் பார்க்கப் பார்க்க யாருக்கும் கை அரிக்கும். அப்போது கடைக்காரரோ நண்பரோ இரண்டு பெயர்களில் ஒன்றைச் சொல்வார்: ஜூலிடோக்ரோமிஸ் (சுருக்கமாக ‘ஜூலி’) அல்லது சிப்ரிக்ரோமிஸ். இரண்டும் அதே ஏரி மீன்கள், அதே தண்ணீர் கேட்பவை. தண்ணீர்ப் பொருத்தம் பார்த்ததோடு பெரும்பாலானோர் நிறுத்திக்கொள்கிறார்கள்.

குணத்தில் மல்டிக்கு நெருங்கிய உறவு ஜூலிதான். ஜூலிடோக்ரோமிஸ் டிரான்ஸ்கிரிப்டஸ் ஏழு சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும், கறுப்பு வெள்ளையில் அழகான மீன். ஜோடியாக வாழும், கல்லிடுக்கின் உட்கூரையில் முட்டை ஒட்டும், முந்தைய ஈட்டுக் குஞ்சுகளை விரட்டாமல் அடுத்த ஈட்டையும் வளர்க்கும். மல்டியின் ஓட்டுக் காலனியிலும் இதே கதைதான். மூன்று நான்கு தலைமுறை ஒரே தெருவில் இருக்கும்.

சிக்கலும் இந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது. இரண்டும் தரைக்கு உரிமை கொண்டாடுபவை. ஒரு மூலையில் கல், மறு மூலையில் ஓடு, நடுவில் வெறும் மணல் என்று பாகம் பிரித்து வைப்பது வழக்கமான யோசனை. நாலடித் தொட்டியில் வளர்ந்த மீன்களுக்கு அது ஓரளவு வேலை செய்யும். ஜூலி பாய்ந்தால் மல்டி ஓட்டுக்குள் மறைந்துவிடும், யாரும் சாக மாட்டார்கள். அடி வாங்குவது குஞ்சுகள். காலனியின் ஓரத்தில், எல்லைக்கு அருகே, ஒரு சென்டிமீட்டர் குஞ்சுகள் மேயும். கல் மறைவில் ஒட்டி நிற்கும் ஒல்லியான ஜூலிக்கு அது கைக்கெட்டிய தீனி. பெரிய மீன்கள் நலம், முட்டையிடுவதும் தெரிகிறது, எண்ணிக்கை மட்டும் ஏறாது. வளர்ப்பவர் தண்ணீரையும் தீவனத்தையும் மாற்றிக்கொண்டிருப்பார்.

ஜூலியைப் பிடித்து வெளியே எடுக்கலாமே என்றால், கல்லைக் கலைக்க வேண்டும். கல்லைக் கலைத்தால் ஜூலி ஜோடி பிரிந்து ஒன்றையொன்று கொல்லப் பார்க்கும் என்பது இந்த மீனை வளர்த்தவர்கள் அறிந்த சங்கதி. இன்னொன்று: மல்டிகள் வாய் வாயாக மணலை அள்ளி இடம் மாற்றுபவை. மணல்மேல் அடுக்கிய கல் ஒருநாள் சரியும். கல் வைத்தே தீருவேன் என்பவர் அதை முதலில் தொட்டியின் அடிக்கண்ணாடிமேல் உட்கார வைத்துவிட்டு, பிறகு மணல் கொட்டட்டும்.

சிப்ரிக்ரோமிஸ் லெப்டோசோமாவுக்கும் மல்டிக்கும் பழக்கத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏரியில் இது நடுநீரில் பெருங்கூட்டமாகத் திரிந்து மிதவை உயிரிகளைத் தின்கிறது. முட்டையிடக்கூட இதற்குத் தரை வேண்டாம்: பெண் நடுநீரிலேயே முட்டையை விட்டு, அது கீழே இறங்குவதற்குள் திரும்பிக் கவ்விக்கொள்ளும். பிறகு ஏறத்தாழ மூன்று வாரம் வாயில் அடைகாக்கும். வெளிவரும் குஞ்சுகள் நீர்மட்டத்தை நோக்கிப் போகும், மல்டியின் எல்லைக்கு அவை வருவதில்லை. மல்டிக் குஞ்சும் தரையை விட்டு மேலே போவதில்லை. மேலே உள்ளவை தரையைத் துழாவுவதும் குறைவு. தலைக்கு மேல் ஒரு கூட்டம் பதறாமல் நீந்தினால் கீழே உள்ளவையும் பயம் தெளிந்து வெளியே வரும். அரிதாகக் கிடைக்கும் உபரி லாபம் இது.

செலவு இல்லாமல் இல்லை. சிப்ரிக்ரோமிஸ் பத்து சென்டிமீட்டர் வளரும், எட்டுப் பத்தாவது சேர்ந்து இருக்க வேண்டும், நாலடிக்குக் குறைந்த தொட்டி அதற்குச் சிறை. மூடி இல்லாவிட்டால் காலையில் தரையில் கிடக்கும். நம்மூர்ப் போர் தண்ணீரின் கடினத்தன்மை இந்த ஏரி மீன்களுக்குப் பெரும்பாலும் உதவியே செய்கிறது, கோடைதான் பகை. 25, 26 டிகிரியில் வாழப் பழகியவை இவை. சித்திரை வெயிலில் தொட்டி 30-ஐத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, ஓயாமல் நீந்தும் சிப்ரிக்ரோமிஸுக்கு முதலில் மூச்சு வாங்கும். ஜூலி அந்த வகையில் கொஞ்சம் கெட்டி.

குஞ்சு பெருக வேண்டும், தொட்டியும் நாலடி என்றால் என் ஓட்டு சிப்ரிக்ரோமிஸுக்கே. குஞ்சு விற்க ஆளில்லை, காலனி ஓடு கொள்ளாமல் பெருகிவிட்டது என்பவருக்கு ஜூலி தவறான தேர்வில்லை. அது எண்ணிக்கையைத் தானே பார்த்துக்கொள்ளும். மூன்றடிக்குக் கீழே தொட்டி வைத்திருப்பவர் இரண்டையும் மறந்து மல்டியைத் தனியாக விட்டுவிடலாம். அழுக்கு தின்னட்டும் என்று சைனோடான்டிஸ் கெளுத்தியைச் சேர்ப்பவர்களும் உண்டு. அது இரவில் மேய்கிற மீன். முட்டைக்கும் குஞ்சுக்கும் ஜூலியைவிடப் பெரிய ஆபத்து.

எதைச் சேர்த்தாலும் மல்டிதான் முதலில் குடியேற வேண்டும். அவை ஓடுகளை வாசல் மட்டும் தெரியப் புதைத்து, முதல் ஈட்டுக் குஞ்சுகள் தலை காட்டிய பிறகு சிப்ரிக்ரோமிஸைக் கூட்டமாக ஒரே நாளில் விடுங்கள். தீவனத்தை மேலே நுணுக்கித் தூவினால் அவை விட்டது கீழே வந்து சேரும். ஆர்டீமியா என்ற சிற்றிறால் தீனியை மட்டும் ஒரு குழாய் வழியாக நேரே ஓட்டுக் குவியல்மேல் இறக்குவது நல்லது.