ஒரு நிமிடப் படத்துக்கு ஒரு மாதம்

கல்யாண வீட்டார் இப்போதெல்லாம் ஆல்பத்தோடு இன்னொன்றும் கேட்கிறார்கள். மண்டபத்தில் மேடை அலங்காரம் தொடங்குவதிலிருந்து முடிவதுவரை டைம்லாப்ஸ் வேண்டும். வெறும் மேடையில் பூப்பந்தல் தானே எழுந்து நிற்பதுபோல அரை நிமிடம் ஓட வேண்டும். செல்போன் வந்த பிறகு பிறந்த வித்தை இது என்பது பலருடைய நினைப்பு. திண்டுக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருப்பவன் நான், ஃபிலிம் ரோல் காலத்தில் தொழில் கற்றவன். இந்த வித்தைக்கு ஏறக்குறைய சினிமாவின் வயது என்பதையும், இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று கொண்டாடப்படுகிற ‘ராஜா ஹரிச்சந்திரா’வுக்குக் கடன் வாங்கித் தந்ததே ஒரு டைம்லாப்ஸ் படம்தான் என்பதையும் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். சொன்னால் நம்பாதவர்களுக்காக எழுதுகிறேன்.

1911-ல் பம்பாய் கிர்காவில் ஏசுவின் வாழ்க்கைப் படம் ஒன்றைப் பார்த்த தாதாசாகேப் பால்கே, அதுபோல ராமனையும் கிருஷ்ணனையும் திரையில் கொண்டுவர வேண்டும் என்று முடிவு கட்டினார். அப்போது அவருக்கு நாற்பதைத் தொட்ட வயது. போட்டோகிராபர், அச்சுத் தொழிலாளர், ரவிவர்மாவின் அச்சகத்தோடு தொடர்புள்ளவர் என்று பல வேலை பார்த்தவர். 1912 பிப்ரவரியில் லண்டன் போய், செசில் ஹெப்வொர்த்தின் ஸ்டுடியோவில் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தார். ஒரு வில்லியம்சன் கேமராவும், ஃபிலிமில் துளை போடும் கருவியும், கழுவிப் பிரதி எடுக்கும் சாமான்களும் வாங்கிக்கொண்டு ஏப்ரலில் திரும்பினார். கேமரா வந்துவிட்டது, படம் எடுக்கப் பணம் இல்லை. சினிமாவை நம்பி யார் கடன் கொடுப்பார்கள்?

பால்கே ஒரு தொட்டியில் பட்டாணி விதைத்தார். அதன் எதிரே கேமராவை நிறுத்தினார். ஒரு மாதத்துக்கு மேல் அந்தத் தொட்டியை விட்டு விட்டுப் படம் பிடித்தார். விதை முளைத்து, தண்டு எழுந்து, கொடியாகப் படர்வது ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் படமானது. ‘அங்குராச்சி வாட்’, அதாவது முளையின் வளர்ச்சி என்று பெயர். வேண்டிய சிலரை அழைத்துப் போட்டுக் காட்டினார். பார்த்தவர்களில் போட்டோ சாமான் வியாபாரி யஷ்வந்த்ராவ் நாட்கர்ணி போன்றவர்கள் கடன் தர முன்வந்தார்கள். ஈடாக மனைவி சரஸ்வதிபாய் தன் நகைகளைக் கொடுத்தார். நகையோடு அவர் நின்றுவிடவில்லை. ஃபிலிமில் துளை போடவும் மருந்து கலக்கவும் கற்றுக்கொண்டு வேலையில் இறங்கினார். 1913 மே 3-ம் தேதி பம்பாய் கரோனேஷன் தியேட்டரில் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளியானது.

நடிகர் வேண்டாம், செட் வேண்டாம், உடை வேண்டாம். இந்தக் கருவியால் கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட முடியும் என்று பணக்காரரை நம்ப வைக்க, ஒரு கைப்பிடி பட்டாணியைவிடச் சிறந்த வழி எதுவும் இருந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

பால்கே நாளுக்கு ஒரு பிரேம் எடுத்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். தொழில்காரனுக்கு அங்கே உறுத்துகிறது. அந்தக் காலக் கைச்சுற்று கேமராவில் விநாடிக்குச் சுமார் 16 பிரேம். நாளுக்கு ஒன்று எடுத்தால் மாதத்துக்கு 30 பிரேம்; திரையில் இரண்டு விநாடிக்குள் செடி முடிந்துபோகும். ஒரு நிமிடம் ஓட வேண்டுமானால் 960 பிரேம் வேண்டும், அதாவது நாளுக்கு 32. எல்லாவற்றையும் காலையில் ஒரேயடியாகச் சுற்றியிருந்தால் செடி இரண்டு விநாடி அசையாமல் நின்று, பிறகு ஒரு குதி குதித்திருக்கும். ஆகவே பகல் முழுக்க மணிக்கு இரண்டு மூன்று பிரேம் என்று அந்தத் தொட்டியருகே காவல் கிடந்திருக்க வேண்டும். ‘நாளுக்கு ஒன்று’ என்று எழுதுகிறவர்கள் அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்கிறார்கள்.

பால்கேவுக்கு முன்னோடிகள் உண்டு. ஜெர்மனியில் லைப்சிக் நகரத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர், 1898 முதல் 1900 வரை துலிப் மலர்வதையும், தொட்டாற்சுருங்கியின் இலை மடங்குவதையும் இப்படிப் பதிவு செய்தார். அவர் எடுத்தது வேடிக்கைக்காக அல்ல, வகுப்பில் காட்ட. 1901-ல் நியூயார்க்கில் ஸ்டார் தியேட்டரை இடித்தபோது, தெருவுக்கு எதிரே இருந்த பயோகிராஃப் கம்பெனி நான்கு நிமிடத்துக்கு ஒரு பிரேம், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று மின்சார ஏற்பாட்டில் எடுத்தது. கட்டடம் கூரையிலிருந்து உருகி இறங்குவதை இன்றும் பார்க்கலாம். படத்தைத் தலைகீழாக ஓட்டினால் அதே தியேட்டர் எழுந்து நிற்கும். கல்யாண வீட்டார் கேட்பதும் இதைத்தானே!

எனக்கு மிகவும் பிடித்தவர் பெர்சி ஸ்மித். லண்டனில் கல்வித் துறைக் குமாஸ்தாவாக இருந்தவர். 1910-ல் அவர் எடுத்த ‘தி பர்த் ஆஃப் எ ஃப்ளவர்’ படத்தில் லில்லியும் நார்சிசஸும் ரோஜாவும் மூச்சு விடுவதுபோல விரிகின்றன. கருவிக்குப் பணம் கிடையாது. பிள்ளைகள் விளையாடும் மெக்கானோ துண்டு, கிராமபோன் ஊசி, மெழுகுத் திரி என்று வீட்டில் கிடைத்ததையெல்லாம் வைத்து, கேமராவைத் தானே இயங்கவும் நிற்கவும் செய்யும் பொறிகளைக் கட்டினார். இரவில் ஏதாவது நின்றுபோனால் எழுப்பி விட மணியும் வைத்திருந்தார். வீடே ஆய்வுக்கூடம். அவருடைய படங்களைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும், இந்தக் கலை என்றைக்குமே விலையுயர்ந்த கருவிக்காரர்களுடையது அல்ல என்ற எண்ணம் எனக்கு உறுதிப்படுகிறது.

எங்கள் மாவட்டத்திலேயே இதன் மிக நீண்ட எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் மேகம் விலகிய நாளெல்லாம் சூரியனைக் கண்ணாடித் தட்டில் படம் பிடித்து வைத்தார்கள். யாரும் அதை டைம்லாப்ஸ் என்று சொல்லிச் செய்யவில்லை. ஆனால் இடம் மாறக் கூடாது, கருவி அமைப்பு மாறக் கூடாது, இடைவெளி விடக் கூடாது என்ற ஒழுங்கு அங்கே தலைமுறை தலைமுறையாகக் கைமாறியிருக்கிறது. அந்தக் கண்ணாடித் தட்டுகளை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் டிஜிட்டலாக்கியிருக்கிறது. வரிசையாக அடுக்கிப் பார்த்தால், சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கரும்புள்ளிகள் பெருகுவதும் தேய்வதும் தெரியும். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டு, இதைக் கேள்விப்படாமலே இறங்கி வந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

ஃபிலிம் ரோல் காலத்தில் எங்களைப் போன்ற சிற்றூர் ஸ்டுடியோக்காரர்களுக்கு டைம்லாப்ஸ் ஏன் எட்டவில்லை என்றால், கணக்குத்தான் காரணம். பத்து விநாடி ஓட 250 படம். 36 படம் விழும் ரோலில் ஏழு ரோல். கழுவி, பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றாக அடுக்க யாரிடம் பணம் இருந்தது? 2003-ல் கேனன் 300டி வந்தது. ஆயிரம் டாலருக்குக் கீழே கிடைத்த முதல் டி.எஸ்.எல்.ஆர். அதற்குப் பின்னால் வந்த ஆரம்பநிலை கேமராக்கள்தான் கதவைத் திறந்தன. என்னிடம் இருப்பது 2011-ல் வந்த 1100டி. அதன் படம் 4272 புள்ளி அகலம். 4கே வீடியோவுக்கு 3840 போதும். ஆரம்பநிலை என்று ஒதுக்குகிற கேமராவே 4கே திரையை நிரப்பிவிடும்.

அந்தக் கேமராவில் இடைவெளி விட்டுத் தானே எடுக்கும் வசதி கிடையாது. கம்பியில் மாட்டும் மலிவான இன்டர்வலோமீட்டர் வாங்கினால் போதும். அதுவும் வேண்டாம் என்றால் ‘மேஜிக் லேன்டர்ன்’ இருக்கிறது. பயனாளர்களே எழுதி, இலவசமாக விட்ட மென்பொருள் அது. மெமரி கார்டில் போட்டால் கேமராவுக்குள்ளேயே டைமர் வந்துவிடும். மெக்கானோவால் கேமராவைக் கட்டிய பெர்சி ஸ்மித்தின் வாரிசுகள் இவர்கள்தான் என்பேன்.

மற்றதெல்லாம் பழைய ஒழுங்குதான். மொட்டை மாடியில் டிரைபாடை ஊன்றி, அதன் நடுவே ஒரு மணல் பையைத் தொங்க விட்டு, சிறுமலைப் பக்கம் கேமராவைத் திருப்பி வைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மலை மேல் மேகம் ஏறி இறங்குவதற்கு ஈடான காட்சி இல்லை. எக்ஸ்போஷர் மேனுவலில், ஃபோகஸ் மேனுவலில், ஒயிட் பேலன்ஸ் ஒரே நிலையில். எக்ஸ்போஷரை ஆட்டோவில் விட்டால் படம் ஓடும்போது வெளிச்சம் துடிக்கும். லென்ஸின் துவாரம் ஒவ்வொரு முறையும் நூலளவு வித்தியாசமாக மூடுவதாலும் அந்தத் துடிப்பு வரும். முழுக்கத் திறந்து வைத்தால் அடங்கும். வேகமாக ஓடும் மேகத்துக்கு ஐந்து விநாடி இடைவெளி, சோம்பலான மேகத்துக்குப் பதினைந்து. பதினைந்து விநாடிக்கு ஒன்று என்றால், பத்து விநாடிப் படத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

புதுக் கேமரா வாங்கியதும் பழையதை வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்காதீர்கள். உங்கள் ஊர்க் குளம், கண்மாய், பேருந்து நிலையம், இடிக்கப்போகும் பழைய சந்தை, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாடியிலோ மதிலிலோ ஓர் இடத்தைக் குறித்து வைத்து, ஒரே உயரத்தில், ஒரே லென்ஸில், ஒரே நேரத்தில் மாதத்துக்கு ஒரு படமாவது எடுங்கள். எடுத்த தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.