சட்டத்தை விடுத்துக் கட்டடத்தை நாடியோர்

மாணாக்கன் ஒருவன் தன் தொழிலைத் தெரிந்துகொள்வது பெற்றோர் விருப்பத்தாலா, வறுமையாலா, அன்றித் தன் இயல்பாலா என்பது பழைய வினா. கட்டட நிருமாணத் துறையின் வரலாற்றிலே இவ்வினாவுக்கு ஒளிதரத்தக்க இருவர் உளர். இருவரும் வழக்கறிஞரின் மைந்தர். இருவரும் சட்டம் பயிலப் புகுந்து பின்னர் அதனைக் கைவிட்டவர். ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேயர். மற்றவர் இருபதாம் நூற்றாண்டின் இலங்கையர்.

யோன் சிமீற்றன் 1724ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரருகே பிறந்தார். ஏனைய சிறுவர் விளையாட்டை நாடும் வயதில் இவர் கைக்கருவிகளை நாடினார். அயலிலிருந்த நிலக்கரிச் சுரங்கத்தில் நீரிறைக்கும் பொறி அமைக்கப்படுவதைக் கண்டு, அதுபோன்ற சிறு பொறியொன்றைத் தாமே செய்து தந்தையாரின் மீன்குளத்தை வற்றச்செய்தார் என்பர். மீன்களெல்லாம் மாண்டமையால் தந்தையார் சினந்தார் என்பதும் அக்கதையின் ஒரு பகுதியே.

தந்தையார் மகனைத் தம் தொழிலுக்கே உரியவனாகக் கருதி, 1742இல் இலண்டனுக்குச் சட்டம் பயில அனுப்பினார். மகனோ தம் மனநிலையை அவருக்கு எழுத்தில் விளக்கினார். தந்தையார் இணங்கினார். சிமீற்றன் ஊர் மீண்டு, பின்னர் நுண்கருவிகள் செய்யுந் தொழிலை மேற்கொண்டு, 1753இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராயினார்.

அவரது இயல்பு முற்றாக வெளிப்பட்டது எடிஸ்டன் பாறையிலே. பிளிமத் துறைமுகத்துக்கு அப்பால், கடல் நடுவேயுள்ள அப்பாறையிலிருந்த முதலாவது வெளிச்சவீடு 1703ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. அடுத்து எழுந்தது 1755இல் எரிந்தது. சிமீற்றன் கருங்கற்களை ஒன்றோடொன்று பிணையுமாறு செதுக்கி அடுக்கினார். அடி பருத்து மேலே ஒடுங்கும் ஓக்கு மரத்தின் வடிவத்தைக் கோபுரத்துக்கு அளித்தார். நீரினடியிலும் இறுகும் சாந்தை நாடிப் பலவகைச் சுண்ணக்கற்களைச் சோதித்து, களிமண் கலந்த சுண்ணக்கல்லே அத்தன்மை தருவதென்று கண்டார். பிறர் முடிவை ஏற்காது தாமே சோதித்துத் தெளியும் அப்பண்பு, மீன்குளத்தை வற்றச்செய்த சிறுவனிடமும் இருந்ததன்றோ! 1759இல் விளக்கு ஏற்றப்பட்டது. 1882இல் அக்கோபுரம் அகற்றப்பட்டதற்குக் காரணம் கோபுரத்தின் தளர்ச்சியன்று; அதனடியிலிருந்த பாறையையே கடல் அரித்துவிட்டது. அதன் மேற்பகுதி பிளிமத் நகரில் மீண்டும் நிறுவப்பட்டு இன்றும் நிற்கின்றது.

1919இல் கொழும்பிற் பிறந்த ஜெப்ரி பாவாவின் வழி வேறு. கேம்பிறிட்ஜில் ஆங்கில இலக்கியமும் இலண்டனிற் சட்டமும் பயின்ற இவர், சில காலமே வழக்கறிஞராயிருந்தார். 1948இல் பெந்தோட்டையருகே லுணுகங்கை என்னும் இறப்பர்த் தோட்டத்தை வாங்கி, அதனை இன்பப் பூங்காவாக மாற்ற முனைந்தபோதே தம் கல்வியின் குறை அவருக்குப் புலனாயிற்று. 1951இல் கொழும்புக் கட்டடக்கலைஞர் ஒருவரிடம் பயிலுநராகச் சேர்ந்து, பின் இலண்டன் சென்று கற்று, 1957இல் தமது முப்பத்தெட்டாம் வயதிலே தகைமை பெற்றார். கோட்டையில் 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடம் இவரது ஆக்கமே. சிமீற்றன் கல்லின் வலிமையை வினவினார். பாவா நிலமும் நீரும் நிழலும் ஒன்றையொன்று தழுவும் வகையை வினவினார்.

அமெரிக்க உளவியலறிஞர் யோன் ஹொலண்ட் 1959இல் வெளியிட்ட கோட்பாட்டில் மாந்தரின் இயல்புகளையும் தொழிற் சூழல்களையும் ஆறாக வகுத்து, தத்தம் இயல்புக்கிசைந்த சூழலையே மாந்தர் நாடுவர் என்றார். கைவினையை விழைவோர், ஆராய்வோர், அழகியல் நாட்டமுடையோர் ஆகியோர் அவற்றுட் சிலர். நிருமாணத் துறை இம்மூவருக்கும் இடமளிப்பது. ஆதலின் இத்துறைக்குரிய இயல்பு ஒன்றே எனக் கொள்வது பொருந்தாது.

எனினும் இயல்பையே முழுக் காரணமாகக் கூறுதல் மிகையாம். சிமீற்றனுக்கு இணங்கிய தந்தை இருந்தார். பாவாவுக்குத் தோட்டம் வாங்கும் செல்வம் இருந்தது. அவ்வாய்ப்பின்றி நீதிமன்றங்களிலேயே காலங்கழித்தோரை வரலாறு குறித்துவைக்கவில்லை. ஸ்கொத்லாந்தில் 1757இல் ஆட்டிடையர் ஒருவருக்கு மகனாகப் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்த தோமஸ் தெல்போட், இளமையிற் கற்றச்சரிடம் தொழில் பயில நேர்ந்தது வறுமையினாலேயே. ஆயினும் உளிபிடித்த அக்கை ஓய்வுநேரத்தில் நூலையும் பிடித்தது. 1820இல் இலண்டன் குடிசார் பொறியியலாளர் நிறுவனத்தின் முதற் தலைவராக அமர்ந்தவர் அவரே.