உறையிலிட்ட விடை

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையில், மலைச்சரிவை ஒட்டி நிற்கும் சிறிய புகையிரத நிலையம் றொசல்ல. 1885-ல் நானுஓயா வரை நீண்ட இருப்புப் பாதை தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்குவதற்காகப் போடப்பட்டது. ஆயினும் திரும்பி வரும் வண்டி வெறுமனே வருவதில்லை. அரிசி மூட்டையோடு பத்திரிகைக் கட்டும் வந்தது. தப்பால்காரர் பையைச் சுமந்து தோட்டக் கந்தோருக்குப் போவார். துரைக்குரியது துரைக்கு, கிளார்க்கருக்குரியது கிளார்க்கருக்கு. ஞாயிறு தமிழ்த்தாள் எங்கள் தோட்டப் பாடசாலை ஆசிரியர் கைக்கு வரும்போது பெரும்பாலும் திங்கள் மாலையாகிவிடும்.

அறுபதுகளின் பிற்பகுதி. தாளை விரித்ததும் ஆசிரியர் முதலில் பார்ப்பது தலையங்கத்தையன்று, குறுக்கெழுத்துக் கட்டத்தை. பாடசாலை விட்ட பின்னும் நாங்கள் நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்து நிற்போம். ஒரு நாள் அவர் தாமே ஒரு குறிப்பைக் கட்டி எங்களிடம் விட்டார்: "லயத்தில் கிடைக்காதது, மோட்சத்தில் கிடைப்பது."

"தண்ணி, சேர்!" என்றான் ஒருவன். அன்று பீலியில் நீர் வற்றியிருந்தது.

"தண்ணி மூன்றெழுத்தடா, கட்டம் இரண்டுதான்."

விடை வீடு. மனை என்றும் முத்தி என்றும் இருபொருள் படும் அந்தச் சொல்லை நாங்கள் அன்று சிரித்துக்கொண்டே கற்றோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் மூன்று தலைமுறை படுத்தெழும்புவது வீட்டில் வாழ்வதாகாது என்பதையும் அந்த இரண்டெழுத்து எங்களுக்குச் சொல்லிவிட்டது.

இந்த விளையாட்டு நம் மண்ணில் முளைத்ததன்று. லிவர்ப்பூலில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகைத் தொழில் செய்த ஆர்தர் வின் என்பவர், 1913 டிசம்பர் 21-ந் தேதி 'நியூயோர்க் வேர்ல்ட்' இதழின் ஞாயிறு மலரில் வைர வடிவக் கட்டமொன்றை வெளியிட்டார். பத்தாண்டுகளில் அது ஒரு பித்தாகவே பரவிற்று. 1924-ல் இதனைக் காலவிரயம் என்று கடிந்த 'நியூயோர்க் டைம்ஸ்' 1942-ல் தானே கட்டம் போடத் தொடங்கியது. லண்டன் 'டைம்ஸ்' 1930-லேயே இறங்கி வந்துவிட்டது. பெரிய பத்திரிகைகளின் கொள்கையுறுதி விற்பனைக் கணக்குக்கு எவ்வளவு தூரம் ஈடுகொடுக்கும் என்பதற்கு இதுவும் ஒரு சிறு சான்று.

கட்டம் புதியதாயினும் புதிர் தமிழனுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் 'பிசி' என்று சுட்டுவது விடுகதையைத்தான். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றை ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் பாடினார். தண்டியலங்காரம் சித்திரகவிகளுக்கு இலக்கணம் வகுத்தது. அவை புலவர் சபைக்கு உரியவை. விடுகதையோ கொழுந்து மலைக்கும் உரியது. குறுக்கெழுத்து இவ்விரண்டுக்கும் நடுவே, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த எவனுக்கும் உரியதாக வந்து அமர்ந்தது.

தமிழில் கட்டம் போடுவது ஆங்கிலத்தில் போடுவதிலும் கடினம். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு இருபத்தாறில் ஓர் எழுத்து. நமக்கு இருநூற்று நாற்பத்தேழில் ஒன்று. 'கொ' என்ற உயிர்மெய்க்கும் ஒரே கட்டம், புள்ளி வைத்த 'ண்'ணுக்கும் ஒரே கட்டம். சொல்லின் முதலில் மெய் வராது. குறுக்கே ஓடும் சொல்லின் நடுவில் நிற்கும் 'ண்'ணிலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்க இயலாது. இந்த இடர் கருதியே போலும், நம் பத்திரிகைகள் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பவற்றோடு நில்லாமல் வலமிருந்து இடமும், கீழிருந்து மேலும், 'குழம்பியுள்ளது' என்ற குறிப்பும் சேர்த்துக் கொண்டன. நேர்மையான கட்டத்துக்கு ஒரு நியதி உண்டு. ஒரு குறிப்பில் ஐயம் தோன்றினால் அதைக் குறுக்கே வெட்டும் சொல் தீர்த்து வைக்கும். விடை எவருடைய தயவிலும் இல்லை; கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

பரிசுப் போட்டி இந்த நியதியைத்தான் உடைத்தது.

1928-ல் 'ஆனந்த விகட'னை விலைக்கு வாங்கிய எஸ். எஸ். வாசன், முப்பதுகளில் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தி இதழின் விற்பனையைப் பெருக்கினார் என்பது தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் தெரிந்த செய்தி. அதே இதழில் கல்கியின் எழுத்தும் வந்ததென்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பரிசுக்காக வாங்கியவன் கதையையும் படித்தான். இந்தியா முழுவதிலுமே இந்த மோகம் பரவியிருந்த காலம் அது.

போட்டியின் சூட்சுமம் எளியது. 'உழைப்பவனுக்கு இறுதியில் மிஞ்சுவது' என்று ஒரு குறிப்பு, கட்டம் இரண்டு, இரண்டாவதில் 'லி' என்று அச்சிட்டிருக்கிறது. முதற் கட்டத்தை எந்தச் சொல்லும் வெட்டுவதில்லை. கூலி என்றும் எழுதலாம், வலி என்றும் எழுதலாம். இரண்டும் பொருந்தும், இரண்டாவது இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பான் தொழிலாளி. ஆனால் 'சரியான' விடை எது? ஆசிரியர் முன்கூட்டியே எழுதி முத்திரையிட்டு வைத்த உறைக்குள் எது இருக்கிறதோ அதுவே. இத்தகைய பத்து இடங்கள் இருந்தால் எல்லா வழியையும் அடைக்க 1,024 படிவங்கள் வேண்டும். படிவத்துக்கு நாலணா வீதம் 256 ரூபாய். குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் நாலு படிவம் அனுப்பிவிட்டுத் தம் தமிழறிவு போதவில்லை என்று வருந்தினார்கள். ஏமாந்தவன் தன்னையே நொந்துகொள்ளும்படி அமைந்த சூதுக்கு நிகரான வியாபாரம் வேறில்லை.

இந்தியப் பாராளுமன்றம் 1955-ல் பரிசுப் போட்டிச் சட்டத்தை இயற்றியது. மாதப் பரிசு மொத்தம் ஆயிரம் ரூபாய்க்கு மேற்படலாகாது. அதற்குட்பட்ட போட்டிக்கும் உரிமம் வேண்டும். படிவங்கள் இரண்டாயிரத்தைத் தாண்டலாகாது. பெங்களூரிலிருந்து போட்டிகள் நடத்திய ஆர். எம். டி. சமர்பாக்வாலா தொழில் சுதந்திரத்தின் பெயரால் வழக்காடினார். 1957 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் சாரம்: சூதாட்டம் அரசியலமைப்பு காக்கும் வணிகமன்று, திறமையே பெரிதாய் நிற்கும் போட்டிகளை இச்சட்டம் தீண்டாது. பெருந்தொகைப் போட்டிகளின் காலம் அத்துடன் முடிந்தது.

முத்திரையிட்ட உறை இன்னொரு வடிவில் மலைநாட்டுக்கு வந்திருந்தது. 1948-ன் குடியுரிமைச் சட்டம் எம்மவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். வாக்குரிமை பறிபோன பின் 1952-ல் ஒருவருமில்லை. இடையில் 1949-ல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு கதவைத் திறப்பதுபோலக் காட்டியது. 1946-க்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். அதற்கொரு படிவம், அதில் கட்டங்கள்.

லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்று ஏது? அவன் வாழ்வு முழுவதும் எழுதப்பட்டிருந்தது தோட்டத்துச் செக்ரோலில்தான். நாளொன்றுக்கு ஒரு கட்டம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அந்தக் கட்டங்களை நிரப்பும் பேனா கணக்கப்பிள்ளையின் கையில் இருந்தது. ஊரில் சாவு, கல்யாணம் என்று இராமேசுவரம் கடந்து போய்வந்தவனிடம் 'இடைவிடாது' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டார்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ஆள் மாறினான். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. முடிவில் குடியுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர். குறிப்பு ஒன்றே, பொருந்தும் சொல் இரண்டு, எது சரி என்பது உறைக்குள். பரிசுப் போட்டியில் தோற்றவன் நாலணாவை இழந்தான்.

எங்கள் ஆசிரியர் இளைஞராயிருந்த அந்நாட்களில் இரவெல்லாம் சிமினி விளக்கொளியில் லயத்துக்காரருக்கு அப்படிவங்களை நிரப்பிக் கொடுத்தவர் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். மாலைதோறும் குறுக்கெழுத்தில் அவர் தேடிய ஆறுதல் எதுவென்று இப்போது ஊகிக்க முடிகிறது. எழுத்துப் பொருந்தினால் அங்கே விடை சரி, மேன்முறையீடு தேவையில்லை.

அவருடைய விண்ணப்பமும் தள்ளப்பட்டது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, 9,75,000 மனிதரை 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை லட்சம் பிறகு பார்க்கலாம் என்று கூறு போட்டது. எழுபதுகளில் ஒரு நாள் றொசல்ல நிலையத்தில் இரும்புப் பெட்டிகளோடு அவரும் குடும்பமும் தலைமன்னார் செல்லும் பயணத்துக்காக நின்றார்கள். எஞ்சியோருக்கான கடைசிச் சட்டம் 2003-ல்தான் வந்தது.

திருச்சிப் பக்கத்திலிருந்து அவர் எழுதிய முதற் கடிதத்தில் நலம் விசாரித்த பின் ஒரே ஒரு வேண்டுகோள் இருந்தது: ஞாயிறு தாளின் குறுக்கெழுத்தை வெட்டி, முடிந்தபோது அனுப்புங்கள். தபால்தலைக்குச் சில்லறை சேர்த்து நாங்கள் ஏழெட்டு வாரம் அனுப்பினோம். நிரப்பிய கட்டங்கள், பென்சிலில் எழுதியவை, அடுத்தடுத்த கடிதங்களோடு திரும்பி வந்தன. ஒன்றில் மட்டும் இரண்டு கட்டம் வெறுமையாக இருந்தது. ஓரத்தில், 'குறிப்பில் பிழை, ஆசிரியருக்கு எழுதவும்' என்றிருந்தது.