உறுப்பு மாற்றம் பெற்றோரும் தடுப்பூசித் தயக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

தடுப்பூசியை ஏற்கத் தயங்குவோரை அறியாமையில் மூழ்கியோர் எனக் கொள்ளும் வழக்கம் நீண்டகாலமாக நிலவி வருகின்றது. கருத்துக்களைக் கருத்துக்களாலேயே விளக்க முற்படும் இந்நோக்கு, தயக்கம் தோன்றும் சமூக நிலைமைகளைக் கவனத்திற் கொள்வதில்லை. கொவிட்-19 பெருந்தொற்றின்போது ஐக்கிய அமெரிக்காவில் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர் சிலரிடையே காணப்பட்ட தயக்கம் இவ்வகையில் ஆராயத்தக்கது. நவீன மருத்துவத்தினாலேயே உயிர்வாழும் இவர்களை விஞ்ஞானத்தின் பகைவர் எனக் கூறிவிட முடியாதன்றோ?

அதற்குமுன், தடுப்பூசி எதிர்ப்பின் தொடக்ககால வரலாற்றினைச் சிறிது நோக்குதல் பொருந்தும். இங்கிலாந்தில் 1853 ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளுக்கு அம்மைப்பால் குத்துதலைக் கட்டாயமாக்கியது. 1867 ஆம் ஆண்டுச் சட்டம் அக்கட்டாயத்தை மேலும் இறுக்கியது. இலவச ஊசி வறியோர் சட்ட நிருவாகத்தின் ஊடாகவே வழங்கப்பட்டது. வசதி படைத்தோருக்குத் தண்டப்பணம் வெறுந் தொல்லை. தொழிலாளர் குடும்பத்துக்கோ வீட்டுப் பொருள்களையே பறிகொடுக்கும் அபாயம். 1885 மார்ச்சில் லெஸ்டர் நகரில் பேரார்ப்பாட்டம் நிகழ்ந்தது. 1898 இல் அரசு மனச்சாட்சி விலக்கினை அனுமதித்தது. அம்மைப்பால் உயிர்காத்தது என்பதிலும், எதிர்த்தோர் கூற்றுக்கள் பல பிழையானவை என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் அவர்தம் அவநம்பிக்கையின் ஒரு வேர், அரசு ஏழைகளை நடத்திய முறையிலே இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

உறுப்பு மாற்றம் பெற்றோரின் நிலை இதனினும் சிக்கலானது. 1954 டிசெம்பர் 23 அன்று பொஸ்டன் நகரில் ஜோசப் மரே தலைமையிலான குழுவினர் ஒத்த இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். ஏனையோருக்கு இச்சிகிச்சை கைகூடுவதற்கு, அந்நிய உறுப்பை நிராகரிக்கும் நிர்ப்பீடனத் தொகுதியை அடக்கும் மருந்துகள் வேண்டியிருந்தன. 1960களின் தொடக்கத்தில் அசத்தியோபிரினும், 1983 இல் அமெரிக்க அனுமதி பெற்ற சைக்குளோஸ்போரினும் அத்தேவையை நிறைவு செய்தன. எனவே, உடலின் எதிர்ப்பாற்றலை அடக்குவதே இவர்களது அன்றாட வாழ்வின் நிபந்தனையாயிற்று. தடுப்பூசியோ அவ்வாற்றலைத் தூண்டுவது. உயிருள்ள நுண்கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளை இவர்கள் தவிர்க்கவேண்டுமென்பதும் மருத்துவரின் அறிவுரையே. புதிய ஊசி உறுப்பு நிராகரிப்பைத் தூண்டிவிடுமோ என்ற அச்சம் இம்முரண்பாட்டினின்றும் எழக்கூடியதே. அதனை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுதல் முறையன்று.

இவ்வச்சத்துக்குப் பொருளாதார அடிப்படையும் உண்டு. 1972 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, சிறுநீரகம் செயலிழந்தோருள் மிகப் பெரும்பாலோரை வயது நோக்காது மெடிகெயார் காப்புறுதிக்குள் கொணர்ந்தது. ஆனால், சிறுநீரக நோயினால் மாத்திரம் அவ்வுரித்தைப் பெற்றோருக்கு மாற்றுச் சிகிச்சையின் பின் 36 மாதங்களுடன் காப்புறுதி முடிவுற்றது. உறுப்பைக் காக்கும் மருந்துக்கான உதவியும் அத்துடன் நின்றது. மருந்தின்றி உறுப்பு பழுதுற்றால், குருதிச் சுத்திகரிப்புச் செலவை அரசு மீண்டும் ஏற்கும்! இவ்விதியை மாற்றும் சட்டம் 2020 டிசெம்பரிலேயே நிறைவேறி, 2023 சனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது. பெற்ற உறுப்பை இழந்துவிடும் அபாயத்தைச் சந்தை அமைப்பே நாள்தோறும் உணர்த்திவந்த சூழலில், அவ்வுறுப்பைப் பற்றிய அச்சம் தனிமனித மனத்தின் விளைவு மாத்திரமாகாது.

அதே 2020 டிசெம்பரில் முதலிரு கொவிட் தடுப்பூசிகளும் அவசர அனுமதி பெற்றன. ஒன்று 40,000க்கும் மேற்பட்டோரிடத்தும் மற்றையது 30,000க்கும் மேற்பட்டோரிடத்தும் பரீட்சிக்கப்பட்டவை. நிர்ப்பீடனம் அடக்கப்பட்டோர் அப்பரீட்சைகளிற் சேர்க்கப்படவில்லை. விரைவில் தெளிவான பெறுபேறு பெறுவதற்கு அது வசதியாயிருந்திருக்கலாம். ஆனால், நோயினால் மிகுந்த ஆபத்தை எதிர்நோக்கிய இவர்கள் “எமக்கு இது பொருந்துமா?” என வினவியபோது, அவர்தம் உடல்களினின்றும் பெறப்பட்ட விடை எதுவும் கைவசமிருக்கவில்லை. தயக்கம் எனப் பெயர் பெற்றதன் ஒரு பகுதி, உண்மையில் நியாயமான இவ்வினாவே எனலாம்.

அவ்விடையை உருவாக்குவதில் அவர்களும் பங்கெடுத்தனர் என்பது நம் ஆய்வுக்கு முக்கியமானது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் சமூக ஊடகங்கள் வாயிலாக விடுத்த அழைப்பை ஏற்று, உறுப்பு மாற்றம் பெற்றோர் நாடெங்குமிருந்து தம் குருதியை வழங்கினர். 2021 இல் வெளிவந்த முடிவுகளின்படி, முதலாவது ஊசியின் பின் 436 பேரில் 17 வீதத்தினரிடமும், இரண்டாவதன் பின் 658 பேரில் 54 வீதத்தினரிடமுமே பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்ட் 12 அன்று இத்தகையோருக்கு மூன்றாவது ஊசி அனுமதிக்கப்பட்டது. உறுப்பு நிராகரிப்புப் பற்றிய அச்சத்தையும் பின்வந்த அனுபவம் பொதுவாக உறுதிப்படுத்தவில்லை. தடுப்பூசி தேவையற்றது என்பதன்று இதன் பொருள். இவர்களுக்கு அது கூடுதலாகத் தேவைப்பட்டது.

லெஸ்டர் மக்களுக்குத் தண்டமும், இவர்களுக்கு மௌனமுமே முதலிற் கிடைத்தன. இரண்டுமே நம்பிக்கையை வளர்க்கவில்லை. விஞ்ஞானம் மக்கள் பெயரால் நிகழ்வதோடமையாது, அதன் விளைவைத் தம் உடலில் ஏற்போரையும் உள்ளடக்கி நிகழும்போதே தயக்கம் தளரும். அடுத்த பெருந்தொற்றின் முதற் பரீட்சையில் இவர்களுக்கு இடமுண்டா என்பதே வரலாறு நம்முன் விட்டுச்சென்றுள்ள வினா.