விளையாட்டு என்று சொல்லி விட்டுப்போன கணக்கு



"டீச்சர், பசங்க ஒருத்தரை ஒருத்தர் இப்படிக் கொடுமைப்படுத்துறது இப்பத்தானே வந்தது? எங்க காலத்துல இல்லையே?" என்று பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள். உங்கள் காலத்திலும் இருந்தது அம்மா. நாம் அதைக் கிண்டல் என்றோம், விளையாட்டு என்றோம். அதனால் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நம்ம காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவர் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த இடத்தில் பல வீடுகளில் பிள்ளைகள்தான் உட்கார்ந்தார்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அதன் பிறகுதான் கணக்கெடுப்பு சூடு பிடித்தது. தறியை விட்டுப் பல பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள்.

வந்தவர்களுக்கு வகுப்பில் என்ன நடந்தது? எட்டு வயதுப் பிள்ளைகள் நடுவே பன்னிரண்டு வயதுப் பையன் உட்கார்ந்தான். எழுத்துக் கூட்டத் திணறினால் சிரிப்பு. கையில் சாயம் இருந்தால் ஒரு பட்டப்பெயர். உயரமாக இருந்தால் இன்னொன்று. சிலர் சில மாதங்களில் நின்றுவிட்டார்கள். பதிவேட்டில் காரணம் 'வறுமை' என்று எழுதப்பட்டது. அது பொய்யில்லை. ஆனால் தினமும் பத்துப் பேர் சிரிக்கும் இடத்துக்குப் போக மனசில்லை என்பதும் காரணம்தான். அதை எழுதப் பதிவேட்டில் இடமே கிடையாது.

அந்தத் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு, 1996 நவம்பரில், சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமி அவர்களின் மகன். தமிழ்நாடே பதறியது. 1997இல் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம். பலரும் இதைக் கல்லூரிச் சட்டம் என்றே நினைக்கிறார்கள். ஆனால் அச்சட்டம் கல்வி நிலையம் என்று பொதுவாகத்தான் சொல்கிறது. அடிப்பதை மட்டுமல்ல, ஒரு மாணவருக்குப் பயமும் அவமானமும் உண்டாக்கும் கேலியையும் குற்றம் என்கிறது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1982 கடைசியில் நார்வேயின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள், உடன் படித்தவர்களின் கொடுமையால் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மறு ஆண்டே அரசு நாடு முழுவதும் இயக்கம் தொடங்கியது. டான் ஒல்வியஸ் என்ற உளவியல் அறிஞர் மாணவர்களையே கேட்டு எண்ணினார். கொடுமைக்கு ஆளானவர்களையும் செய்தவர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய ஏழில் ஒருவர். 2019இல் யுனெஸ்கோ பல நாட்டுக் கணக்குகளைத் தொகுத்தது. முந்தைய ஒரு மாதத்தில் சக மாணவரின் கொடுமைக்கு ஆளானோர் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். நாற்பது பேர் வகுப்பு என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று பிள்ளைகள். வகுப்பில் இரண்டு வரிசை!

நம் ஊர்ப் பக்கம் இதில் சாதியும் சேர்ந்துகொள்கிறது. 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவர் ஒருவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன்பே தொல்லை தாங்காமல் அந்தப் பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். புகார் சொன்ன பிறகுதான் இந்தத் தாக்குதல். அரசு நீதிபதி சந்துரு குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதி காட்டும் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. அந்த மாணவரோ தேர்வு எழுதி 600க்கு 469 எடுத்தார்.

1983, 1997, 2024. மூன்று முறையும் முதலில் ரத்தமோ உயிரோ போனது, அப்புறம்தான் அரசு அசைந்தது. ஆனால் அறிகுறி முன்பே இருந்தது. பள்ளிக்குப் போக மறுத்த ஒரு பிள்ளை, நின்றுபோன வருகை.

உங்களில் பலர் இன்று தாய் தந்தையர், சிலர் ஆசிரியர்கள். காலையில் காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று ஒரு முறை கேளுங்கள். 'விடு, விளையாட்டுக்குத்தான்' என்று முடித்துவிடாதீர்கள். உங்கள் பிள்ளை பட்டப்பெயர் வைக்கிறவனா என்றும் பாருங்கள். பள்ளியில் சொல்லியும் கேட்கவில்லை என்றால் 14417, 1098 எண்கள் இருக்கின்றன. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசி.