லீ-என்பீல்ட் ரைபிளின் துல்லியச் சீரமைப்பு

லீ-என்பீல்ட் ரைபிளின் துல்லியச் சீரமைப்பு என்பது, படைப் பயன்பாட்டிலிருந்து கழிக்கப்பட்ட .303 அங்குல லீ-என்பீல்ட் ரைபிள்கள் சுடும் குண்டுகள் இலக்கில் ஒன்றுக்கொன்று நெருக்கமாகச் சென்று படும்படி, அவற்றின் மரக்கட்டை, குழல், விசை, குறிகாட்டி ஆகியவற்றைச் சரிசெய்யும் வேலையாகும். பிரித்தானியா, கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இலக்குச் சுடுநர்களும் சேகரிப்பாளர்களும் அந்தந்த நாட்டுச் சட்டங்களுக்கு உட்பட்டு இதனை வீட்டுப் பட்டறைகளில் செய்து வருகின்றனர். பழைய துப்பாக்கி குறி தவறுவதற்குத் தேய்ந்த குழலே காரணம் எனப் பலரும் கருதுவதுண்டு. இவ்வகை ரைபிளிலோ பெரும்பாலும் மரமே காரணமாக அமைகிறது.

வரலாறு

ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வடிவமைத்த போல்ட் அமைப்பையும், இங்கிலாந்தின் என்பீல்ட் நகரிலிருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையின் குழல் வரிகளையும் இணைத்து 1895 ஆம் ஆண்டில் உருவானதால் இதற்கு இப்பெயர் ஏற்பட்டது. 1907 இல் ஏற்கப்பட்ட மார்க் III வகை முதல் உலகப் போரிலும், கனமான குழலும் பின்புறத் துளைக்குறிகாட்டியும் கொண்ட எண் 4 வகை இரண்டாம் உலகப் போரிலும் பெருமளவில் பயன்பட்டன. இங்கிலாந்து தவிர இந்தியாவில் இச்சாப்பூர், ஆஸ்திரேலியாவில் லித்கோ, கனடாவில் லாங் பிராஞ்ச் ஆகிய இடங்களிலும் இவை உற்பத்தி செய்யப்பட்டன. போருக்குப் பின் மிகுதியாக இருந்த ரைபிள்கள் மலிவான விலையில் பொதுமக்கள் சந்தைக்கு வந்தன.

சீரமைப்புக் கலை இதற்கு முன்பே தோன்றிவிட்டது. 1890 முதல் தேசிய ரைபிள் சங்கத்தின் போட்டிகள் நடைபெற்றுவரும் பிஸ்லி திடலில், படை ரைபிளின் தோற்றத்தை மாற்றாமல் அதன் உட்பொருத்தத்தை மட்டும் திருத்தும் வழக்கம் வேரூன்றியது. அங்குத் துப்பாக்கிப் பட்டறை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஆர்தர் புல்டன் 1912, 1926, 1931 ஆகிய ஆண்டுகளில் மன்னர் பரிசை வென்றார்.

மரமும் குழலும்

லீ-என்பீல்டின் கட்டை ஒரே துண்டானது அன்று. தோளில் பொருந்தும் அடிக்கட்டையும் குழலைத் தாங்கும் முன்கட்டையும் தனித்தனியானவை. சுடும்போது குழல் அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் அவ்வதிர்வு ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டுகள் ஓரிடத்தில் சேரும். மரம் ஈரத்தில் ஊதி வறட்சியில் சுருங்குவதால் இந்த ஒருமை கெடுகிறது.

எண் 4 வகையில், முன்கட்டையின் நுனி குழலை ஏறத்தாழ 2 முதல் 7 பவுண்டு விசையுடன் மேல்நோக்கித் தாங்க வேண்டும் என்பது படைக் கம்மியர்களின் அளவுகோல். இடையிலுள்ள பகுதியில் குழல் மரத்தைத் தொடக் கூடாது. மார்க் III வகையில் இதே வேலையைச் சுருள்வில்லுடன் கூடிய ஒரு சிறு முளை செய்கிறது. இதனை அறியாமல், புதிய ரைபிள்களில் செய்வதுபோல் குழல் முழுவதையும் மரத்திலிருந்து விடுவித்துவிடுவோர் பலர். மெல்லிய குழலுள்ள மார்க் III இல் இது பெரும்பாலும் ஏமாற்றத்திலேயே முடிகிறது.

முன்கட்டையின் பின்முனையில், பின்னுதைப்பை ஏற்கும் உட்பரப்புகள் நசுங்கியிருப்பது இன்னொரு பரவலான குறை. நசுங்கிய இடத்தைச் செதுக்கி, கடின மரத்துண்டு ஒட்டி, உலோகம் இருபுறமும் சமமாகப் படியும்வரை இழைப்பதே பழைய முறை. இப்போது எப்பாக்சிப் பிசினும் பயன்படுகிறது. பிசின் உறுதியானது; எனினும் ஒருமுறை இட்டபின் மரத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். வறண்ட மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஊட்டுவது எளிய முதற்படி.

விசையிலும் மரத்தின் பங்கு உண்டு. எண் 4 மார்க் 1 வகையில் விசை, அதன் காப்பு வளையத்துடன் பிணைக்கப்பட்டிருப்பதால், கட்டை ஊதினாலே இழுப்பு மாறிவிடும். பின்வந்த மார்க் 2 வகையில் விசை உலோக உடலிலேயே பொருத்தப்பட்டு இக்குறை நீக்கப்பட்டது.

நெடுந்தொலைவுப் பண்பு

லீ-என்பீல்டின் போல்ட் பின்புறத்தில் பூட்டிக்கொள்வதால், சுடும்போது உலோக உடல் சற்று வளைந்து குழல்முனை மேலெழுகிறது. விரைவான குண்டு முனை தாழ்ந்திருக்கும்போதே வெளியேறுகிறது. மெதுவான குண்டு, முனை உயர்ந்தபின் வெளியேறுகிறது. எனவே தொலைவில் இரண்டின் பாதைகளும் நெருங்கிவிடுகின்றன. 200 கெஜத்தில் சுமாராகச் சுடும் ரைபிள் 900, 1000 கெஜங்களில் நற்பெயர் பெற்றதற்கு இதுவே விளக்கம். குறைந்த தொலைவில் சோதித்துவிட்டு நல்ல ரைபிளைக் கழிப்பது இதனால் தவறாகலாம்.

குழல், தோட்டா, பாதுகாப்பு

உப்புப் படிவு விடும் பழைய தோட்டாக்களால் ஏற்பட்ட துருவும், துடைக்கும் கயிறு உராய்ந்து குழல்முனை தேய்வதும் சரிசெய்யக் கடினமானவை. போர்க்காலக் குழல்களின் உள்விட்டம் ஒன்றுபோல் இராது. ஆகவே மென்மையான ஈயத்துண்டைக் குழலுள் செலுத்தி அளவெடுத்து, அதற்கேற்ற குண்டைத் தெரிவு செய்வர்.

தோட்டா அறைக்கும் போல்ட் முகப்புக்கும் உள்ள இடைவெளி அளவுக்கு மிஞ்சினால் தோட்டாவின் பித்தளை உறை கிழியக்கூடும். எண் 4 வகையில் இதற்கென 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகள் இருந்தன. ஒரு ரைபிளின் போல்ட்டை மற்றொன்றில் போடுவது ஆபத்தானது. மரவேலையை வீட்டில் கற்றுக்கொள்ளலாம். இந்த இடைவெளியையும் விசையின் பிடிப்பையும் உரிய அளவுகோல்களுடன் தேர்ந்த கம்மியரே சோதிக்க வேண்டும். இந்தியாவில் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை மாற்றவோ பழுதுபார்க்கவோ தனி உரிமம் தேவை.

மாற்றமும் இழப்பும்

1950களிலும் 1960களிலும் வேட்டைக்காகப் பல்லாயிரம் ரைபிள்களின் முன்கட்டை அறுக்கப்பட்டது, குழல் குறுக்கப்பட்டது, குறிகாட்டிகள் கழற்றப்பட்டன. எடை குறைந்தது உண்மை. ஆனால் குழலைத் தாங்கிய நுனியே போய்விட்டதால் துல்லியம் கூடியது என்று சொல்வதற்கில்லை. அன்று மலிவாகக் கிடைத்ததால் எவரும் வருந்தவில்லை. இன்று முழுக்கட்டையுடன் மாறாமல் எஞ்சியவற்றையே சேகரிப்பாளர்கள் நாடுகின்றனர். அறுபட்டவற்றுக்குப் பழைய முன்கட்டை தேடிப் பொருத்துவது தனி வேலையாகவே வளர்ந்துள்ளது. குறுக்கப்பட்ட குழலுக்கு மட்டும் புதுக்குழல் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.