பழைய மாதிரி இரயில் எஞ்சின்களின் டிஜிட்டல் மாற்றம்

பழைய மாதிரி இரயில் எஞ்சின்களின் டிஜிட்டல் மாற்றம் என்பது, தண்டவாளத்தின் மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டப்பட்ட சிறு எஞ்சின்களுக்குள் டிகோடர் என்னும் மின்னணுச் சுற்றைப் பொருத்தி, ஒவ்வொன்றையும் தனித்தனி ஆணையால் இயக்குவதாகும். 1980களிலும் 1990களிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இம்முறை பரவியபோது, பல்லாண்டுகளாகச் சேர்த்த எஞ்சின்கள் அலமாரிக்குள் முடங்கிவிடுமோ என்ற கேள்வி எழுந்தது.

பழைய முறை

இரு தண்டவாள நேர்மின்னோட்ட முறையில் மோட்டார் தண்டவாளங்களுடன் நேரடியாக இணைந்திருந்தது. மின்னழுத்தம் வேகத்தையும், மின்முனைவு திசையையும் தீர்மானித்தன. ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களை வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். அவற்றைத் தனித்தனியே ஓட்டப் பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சுவிட்ச் வைக்க வேண்டியிருந்தது. செருமனியின் மெர்க்லின் நிறுவனம் மாறுமின்னோட்டத்தைப் பயன்படுத்தியது. அதில் ஏறத்தாழ 24 வோல்ட்டுத் துடிப்பு ஒன்று எஞ்சினுக்குள் இருந்த ரிலேயை இயக்கித் திசையை மாற்றியது.

தொடக்க முயற்சிகள்

1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வெளியிட்ட ஆஸ்ட்ராக் முறை ஐந்து எஞ்சின்களைத் தனித்தனியே இயக்கியது. 1979இல் பிரித்தானியாவின் ஹார்ன்பி நிறுவனம் கொண்டுவந்த ஜீரோ 1 முறையில் 16 எஞ்சின்களை இயக்க முடிந்தது. ஆனால் அதன் சுற்று அளவில் பெரியது; சிறிய எஞ்சின்களில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. மெர்க்லின் 1985இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஜிட்டல் முறை 80 முகவரிகளைத் தந்தது.

இம்முறைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. செருமனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில்பாதைச் சங்கம் 1990களின் முற்பகுதியில் டிசிசி என்னும் பொதுத் தரத்தை வகுத்தது. ஒரு நிறுவனத்தின் டிகோடரை மற்றொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவியால் இயக்க முடிந்ததால், பல நிறுவனங்களின் பழைய எஞ்சின்களை வைத்திருந்தவர்களுக்கு இத்தரம் பெரிதும் பயன்பட்டது.

மோட்டாரைப் பிரித்தல்

டிசிசி முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அதன் முனைவு நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறி, அம்மாற்றத்தின் கால அளவே ஆணையைச் சுமந்து செல்கிறது. டிகோடர் அந்த ஆணையைப் படித்து மோட்டாருக்கு மின்சாரம் தருகிறது. எனவே மோட்டாரின் எந்த முனையும் தண்டவாளத்தை நேரடியாகத் தொடக்கூடாது. தொட்டால் டிகோடர் எரிந்துவிடும்.

பழைய எஞ்சின்களின் சிக்கல் இங்குதான். பலவற்றில் உலோக அடிச்சட்டமே ஒரு கம்பியின் வேலையைச் செய்தது. பிரித்தானிய டிரை-ஆங் எஞ்சின்களின் எக்ஸ்04 மோட்டாரில், இரு பிரஷ்களையும் அழுத்தும் வில்லின் ஒரு கையில் மட்டுமே காப்புக் குழல் இருந்தது. மறு கைக்கும் குழல் போட்டுத் தனிக் கம்பி இணைப்பதே மாற்றத்தின் முதல் வேலை. அமெரிக்க ஆதர்ன் எஞ்சின்களில் மோட்டாரின் அடித்தகடு அடிச்சட்டத்தைத் தொட்டதால், அத்தொடர்பைத் துண்டிக்க வேண்டியிருந்தது.

அதன்பின் டிகோடரின் சிவப்பு, கறுப்புக் கம்பிகள் தண்டவாள மின்சாரத்தை எடுக்கும் பகுதியுடனும், ஆரஞ்சு, சாம்பல் கம்பிகள் மோட்டாருடனும் இணைக்கப்படுகின்றன. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் டிகோடரின் தாங்குதிறனை மீறக்கூடாது. தேய்ந்த பழைய மோட்டார்கள் அதிக மின்னோட்டம் இழுப்பதால் இச்சோதனை முன்கூட்டியே செய்யப்படுகிறது.

மெர்க்லினின் பழைய மோட்டார்களில் காந்தப்புலத்தைக் கம்பிச்சுருள் உண்டாக்கியது. பல மாற்றங்களில் அச்சுருளுக்குப் பதில் நிலைக்காந்தம் வைக்கப்பட்டது. திசைமாற்றும் ரிலேயும் நீக்கப்பட்டது.

இடைக்கால வழி

சில டிசிசி கருவிகள், டிகோடர் இல்லாத ஓர் எஞ்சினைப் பூச்சிய முகவரியில் ஓட்ட இடமளித்தன. ஆனால் நிற்கும்போதும் மோட்டார் ரீங்கரித்துச் சூடேறும். மென்மையான மோட்டார்கள் பழுதாகவும் கூடும். ஆகவே இது நிலையான தீர்வாக அமையவில்லை.

மூலநிலையும் பயன்பாடும்

பின்னர் வந்த எஞ்சின்களில் எட்டு முனைச் செருகி போன்ற தரப்படுத்திய இணைப்புகள் இடம்பெற்றதால், டிகோடரைச் செருகினாலே போதும் என்றானது. பழையவற்றில் கம்பியை வெட்டி ஈயப்பற்று வைக்க வேண்டும். சிலவற்றில் டிகோடருக்கு இடம் காண அடிச்சட்டத்தை அராவவும் நேரும். அவ்வாறு செய்த எஞ்சின் மூலநிலையை இழப்பதால் சேகரிப்பாளரிடம் அதன் மதிப்பு குறையலாம்; மாற்றாமல் விட்டால் புதிய பாதையில் அது ஓடாது. இதனால் அரிய எஞ்சின்களில் உலோகத்தை வெட்டாமல், கழற்றிய ரிலேயையும் சுருளையும் பத்திரப்படுத்தி, வேண்டும்போது பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய மாற்றமே விரும்பப்படுகிறது.